சிற்றூர் வங்கி நோட்டு வாங்குவோர் கவனத்துக்கு

அமெரிக்காவில் 1863 முதல் 1935 வரை உள்ளூர்த் தேசிய வங்கிகள் தம் பெயரும் ஊர்ப்பெயரும் தாங்கி வெளியிட்ட நோட்டுகளைச் சேகரிப்போருக்கு, ஊர் சிறியதாகவும் எஞ்சிய நோட்டுகள் குறைவாகவும் இருந்தால் விலை ஏறும் என்பது தெரியும். அந்த ஆர்வத்தைப் பயன்படுத்தியே ஒரு விற்பனையாளர் என்னை ஏமாற்றினார்.

அயோவா மாநிலச் சிற்றூர் வங்கி ஒன்றின் 1902 தொடர் பத்து டாலர் நோட்டை, கிழிசல் ஒட்டப்படாதது, கையொப்பங்கள் பழையவை என்று அவர் எழுத்தில் உறுதியளித்த பிறகே வாங்கினேன். அமெரிக்க அதிபராக இருந்த மெக்கின்லியின் உருவம், நீல முத்திரை, வங்கியின் சாசன எண் (வங்கிக்கு அரசு உரிமம் தந்தபோது இட்ட எண்) எல்லாம் சரியாகவே இருந்தன. நோட்டு உண்மையானது, அதன் நிலையைப் பற்றி அவர் சொன்னதுதான் பொய்.

அளவில் பெரியவையான அக்கால நோட்டுகள் வாஷிங்டனில் அச்சாகி, பெரும்பாலும் நான்கு நோட்டுகள் கொண்ட தாள்களாக வங்கிக்கு வரும். காசாளரும் தலைவரும் பேனாவாலோ ரப்பர் முத்திரையாலோ கையொப்பமிட்ட பின் அவற்றை வெட்டிப் புழக்கத்தில் விடுவார்கள். அச்சு மையைப் போல இந்தக் கையொப்ப மை நிலைப்பதில்லை. புழக்கத்திலும், பின்னாளில் எவரேனும் நோட்டைக் கழுவினாலும், முதலில் மங்குவது அதுதான். என்னிடம் வந்த நோட்டிலோ அச்சிட்ட நீல முத்திரையே வெளுத்திருக்க, காசாளரின் கையொப்பம் மட்டும் கருகருவென்று இருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது, தேய்ந்த மடிப்பின் நார்களுக்குள் மை ஊறிப் பரவியிருந்தது. மடிப்பு விழுந்த பிறகு எழுதியிருந்தால் மட்டுமே அப்படிப் பரவும். புற ஊதா விளக்கின் கீழ் ஓரத்தில் இரண்டு இடங்கள் நீலவெண்மையாக ஒளிர்ந்தன. அந்த ஒளிர்வு பிற்காலத் தாள்களில் சேர்க்கப்படும் வெண்மையூட்டியால் வருவது; நூறாண்டுப் பழைய தாளில் அது இருக்க வழியில்லை. தரச்சான்று நிறுவனமும் கிழிசல் ஒட்டப்பட்டதையும் கையொப்பம் மீண்டும் வரையப்பட்டதையும் உறுதிசெய்தது.

சான்றுடன் பணத்தைக் கேட்டபோது, திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்றார். அந்தக் காலத்தை நோட்டு என் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடாமல், தாம் அஞ்சலில் சேர்த்த நாளிலிருந்து கணக்கிட்டிருக்கிறார். தரச்சான்று கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதை இத்தொழிலில் இருப்பவர் அறியாதிருக்க முடியாது. இதை நான் திட்டமிட்ட ஏமாற்றாகவே கருதுகிறேன்.

1929 தொடரின் அளவில் சிறிய நோட்டுகளில் வங்கி அதிகாரிகளின் கையொப்பங்களும் அச்சிடப்பட்டவை என்பதால் இந்த மோசடிக்கு அங்கே இடம் குறைவு. ஆனால் பழைய நோட்டைப் புதிதுபோல் காட்டக் கழுவி அழுத்தித் தருவது அங்கும் உண்டு. பெரிய நோட்டு வாங்குவோர், உறைக்கு வெளியே எடுத்து, பின்னாலிருந்து ஒளி பாய்ச்சிய படத்தையும், கையொப்பங்களின் நெருக்கமான படத்தையும் கேளுங்கள். தரச்சான்று வரும்வரை திருப்பித் தரலாம் என்பதைப் பணம் செலுத்தும் முன்பே எழுத்தில் பெறுங்கள். என் பணம் இன்னும் திரும்பவில்லை. அவர் இப்போது இல்லினாய் சிற்றூர்களின் நோட்டுகளை அதே உறுதிமொழியுடன் விற்றுவருகிறார்.