ஓரத்துத் தகட்டுக்காகவே வாங்கிய எக்ஸ்ரே பேனல்

வெல்டிங் சோதனைக்கு எக்ஸ்ரே படம் பிடிக்கும் பேனல் வாங்குகிறவர்கள் முதலில் பிக்சல் அளவைத்தான் கேட்பார்கள். நான் இப்போது ஓரத்தைப் பார்க்கிறேன். பழைய பேனல் 160 கேவி (கிலோவோல்ட்) எக்ஸ்ரே வேலையில் ஒரே வருடத்தில் படுத்துவிட்டது. படத்தின் இடது ஓரத்தில் மெல்லிய கோடுகள். கதிர் இல்லாமல் ஒரு டார்க் படம் எடுத்துத் திருத்தினால் மறையும், ஒரு வாரத்தில் திரும்ப வரும். பிரித்துப் பார்த்தேன். பேனலின் சிக்னலைப் படிக்கும் ரீட்அவுட் சிப்புகளை மூடிய இரண்டு காரீயப் பட்டைகளுக்கு நடுவே நகம் நுழையும் இடைவெளி. அதற்கு நேர் கீழே இருந்த சிப்தான் போயிருந்தது. கதிர் படப்பட சிப்பின் ஆக்சைடு அடுக்கில் மின்னூட்டம் சிக்கிக்கொள்ளும், கசிவு மின்னோட்டம் ஏறும்.

இந்தப் புதுப் பேனலில் டங்ஸ்டன் தகடுகள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பார்த்ததுமே மனசு நிறைந்தது. சிப்புகளும் படப் பரப்பைவிட்டுத் தள்ளியே இருக்கின்றன. பின்பக்கமும் தகடு உண்டு. சுவரில் பட்டுத் திரும்பும் கதிரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதினான்கு மாதமாக ஒரு கோடுகூட இல்லை.

கனம் அதிகம், மாட்ட இரண்டு பேர் வேண்டும். அது பரவாயில்லை. ஆனால் கற்றையைப் படப் பரப்புக்குள் அடக்கும் கோலிமேட்டர் பற்றிக் கையேட்டில் ஒரே ஒரு வரிதான். அதை முதல் பக்கத்திலேயே போட்டிருக்க வேண்டும்.