│ கோடு: டெர்மினலில் நெடுநாள் புழங்கிய அனுபவம்

நாள் முழுக்க டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில்) வேலை பார்ப்பவர்களுக்கு │ என்ற செங்குத்துக் கோடு புதிதல்ல. ட்ரீ கட்டளை காட்டும் கோப்புறைக் கிளைகள், டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் டீமக்ஸின் தடுப்புகள், கோட்டு வடிவத்தை (லைன்ஸ்டைல்) யூனிகோடுக்கு மாற்றிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தள அட்டவணைகள் என எங்கும் இருக்கிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திரையில் பார்க்க அருமை, கோப்பில் போட்டு வைக்கத் தொல்லை.

தொல்லைக்குக் காரணம், இதற்குப் பல முகவரிகள், அதாவது குறி எண்கள், இருப்பதுதான். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 437ஆம் கோட் பேஜில் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியலில்) இது 179. படுக்கைக் கோடு ─ 196. விண்டோஸின் 1252இல் அதே 179 என்பது ³. பழைய டாஸ் அறிக்கையை நோட்பேடில் திறந்தால் ஓரமெல்லாம் ³ ³ ³ என்று நிற்பது இதனால்தான். யூனிகோடு 2500இல் தொடங்கி 128 இடங்களைக் கட்டக் கோடுகளுக்கே ஒதுக்கி, இதற்கு 2502ஐத் தந்தது (பதினறும எண்கள்). யூனிகோடைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8இல் அது 226, 148, 130 என மூன்று பைட். வேறு குறிமுறையில் படித்தால் ஒரு கோட்டுக்கு மூன்று குப்பை.

437இன் வரிசையில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. விஜிஏ என்ற பழைய திரை அட்டையின் 720 புள்ளி அகலத் திரையில் 80 எழுத்து என்றால் ஓர் எழுத்துக்கு 9 புள்ளி. எழுத்துருவிலோ 8தான். ஒன்பதாவது காலியாக இருப்பது சாதாரண எழுத்துக்கு நல்லது, இடைவெளி கிடைக்கும். ஆனால் ─ வரிசையாக வந்தால் அறுந்து அறுந்து தெரியுமே! அதனால் 192 முதல் 223 வரையுள்ள குறிகளுக்கு மட்டும் எட்டாவது புள்ளியையே ஒன்பதாவதிலும் போட்டுவிடும் அட்டை. வலப்பக்கம் நீளும் ┌ ├ └ ┼ எல்லாம் அந்த எல்லைக்குள்ளே. நடுவில் நிற்கும் │க்கு அந்தச் சலுகை தேவையில்லை, வெளியே 179இல் இருக்கிறது. இதை யோசித்து அடுக்கியவருக்கு ஒரு சபாஷ்.

விடி100 என்ற டெர்மினல் கருவி (1978) வேறு வழியில் போனது. தனி எழுத்துத் தொகுப்புக்கு மாறச் சொல்லிவிட்டு, சின்ன 'எக்ஸ்' அனுப்பினால் │, சின்ன 'க்யூ' அனுப்பினால் ─. மாறச் சொன்னது டெர்மினலின் காதில் விழாவிட்டால் திரை முழுக்க எக்ஸும் க்யூவும்தான். விண்டோஸில் பலர் பயன்படுத்தும் டெர்மினல் நிரலான புட்டி, யூடிஎஃப்-8 நிலையில் இப்படித்தான் செய்யும். அதன் அமைப்புகளில் ட்ரான்ஸ்லேஷன் பக்கத்தில் விடி100 கோடுகளை அனுமதிக்கும் ஒரு டிக் இருக்கிறது, போட்டால் சரி.

நகலெடுத்து ஒட்டும்போதுதான் உண்மையான எரிச்சல். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும், விசைப்பலகையிலுள்ள பைப் குறி, ஆஸ்கி என்ற அடிப்படை எழுத்துத் தொகுப்பில் 124; இது வேறு. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதால், கட்டளை வரியில் (ஷெல்லில்) கோப்புப் பட்டியலைப் பக்கம் பக்கமாகக் காட்ட 'எல்எஸ் │ லெஸ்' என்று ஒட்டினால் பைப் வேலை செய்யாது. │ என்ற பெயரில் கோப்பு இல்லை என்று பதில் வரும். ட்ரீ இன்னும் ஒருபடி மேல்: கோட்டுக்குப் பக்கத்தில் அது போடுவது சாதா இடைவெளி அல்ல, வரி உடையாத இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது, தேடினாலும் சிக்காது.

அட்டவணையில் தமிழ்ப் பெயர்கள் வந்தால் வலது ஓரக் கோடு நெளிந்துவிடுகிறது. 'கௌ' எத்தனை கட்டம் என்று நிரல் எண்ணுவதும் திரை வரைவதும் ஒத்துப்போவதில்லை. கோட்டின் மேல் பிழையில்லை, ஆனால் அசிங்கமாகத் தெரிவது அதுதான். எழுத்துருவை நம்பாமல் கோடுகளைத் தானே வரையும் கிட்டி டெர்மினலில் மேலும் கீழும் விட்டுப்போவதில்லை. நெளிவு அங்கேயும் உண்டு.

இப்போதைய என் ஏற்பாடு இது. திரைக்கு │. கையால் வரைய விம் எடிட்டரில் கண்ட்ரோல்-கே அடித்து சின்ன 'வி' இருமுறை. பிறருக்கு அனுப்பும் ட்ரீ பட்டியலுக்கு ஆஸ்கி. தரவு என்றால் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி, அப்புறம் கோட்டுக்கே வேலையில்லை.