மால் கடையா, தெருக்கடையா: எங்கள் மேட்சிங் சென்டர் கணக்கு

"அத்தை, பழைய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் ஒரு கடை மலிவாக விலைக்கு வருது, வாங்கிப் போடலாமா?" என்று போன வாரம் என் அண்ணன் மகன் கேட்டான். சென்னையில் சின்னதாகக் கடை போட நினைக்கிற பலரும் என்னிடம் கேட்கிற கேள்விதான் இது. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நாங்கள் இருபத்தைந்து வருடம் ஒரு வளாகத்துக்குள் சொந்தக் கடை வைத்திருந்தோம். நடுவில் ஒரு பெரிய மாலில் இரண்டு மாதம் தற்காலிகக் கடை போட்டுப் பார்த்தோம். 2021லிருந்து தி.நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வாடகைக் கடையில் இருக்கிறோம். என் ஓட்டு தெருவுக்குத்தான்.

எங்களுடையது மேட்சிங் சென்டர். ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ், நூல்கண்டு. புடவையைக் கையோடு எடுத்து வந்து "இதே கலர் கொடுங்க" என்பார்கள். அரக்கு நிறத்தில் மட்டும் எங்கள் அலமாரியில் பதினொரு சாயல் இருக்கிறது. நகைக்கடைக்கோ பெரிய ஜவுளிக்கடைக்கோ என் கணக்கு பொருந்தாது. இருநூறு சதுர அடிக்குள், நாமே கல்லாவில் உட்கார்ந்து, ஐம்பதுக்கும் நூறுக்கும் வியாபாரம் செய்கிற கடை என்றால் பெரும்பாலும் பொருந்தும்.

மாமனார் அந்தக் கடையை வாங்கியது 1996ல். நகரின் நடுவே அப்போதுதான் கட்டி முடித்த வளாகம்; பெயர் வேண்டாம். ஸ்பென்சர் பிளாசாவைப் பார்த்துச் சென்னை வியாபாரிகள் எல்லோருக்கும் அந்த ஆசை வந்திருந்த காலம் அது. 1895ல் கட்டிய பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983ல் தீப்பிடித்து அழிந்து, அதே இடத்தில் ஏசியும் எஸ்கலேட்டருமாகப் புது வளாகம் எழுந்தது. வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை மெரினாவுக்குக் கூட்டிப்போவது போல அங்கேயும் கூட்டிப்போவோம். அங்கே கடைகளைத் தனித்தனியாகப் பலருக்கு விற்றிருந்தார்கள். எங்கள் வளாகத்தைக் கட்டியவரும் அதையே செய்தார். வாடகை பயம் இல்லை, பிள்ளைகளுக்குச் சொத்து என்று நினைத்து மாமா 6.5 லட்சம் போட்டார். பத்திரத்தில் 220 சதுர அடி. உள்ளே டேப் வைத்து அளந்தால் 140. மீதி 80 நடைபாதையிலும் படிக்கட்டிலும் லிஃப்டிலும் நமக்குள்ள பங்காம். யூடிஎஸ், அதாவது வளாகத்தின் நிலத்தில் நமக்கு வரும் பிரிக்காத பங்கு, ஐம்பது சதுர அடி கூட வராது.

முதல் பத்து வருடம் நன்றாக ஓடியது, அதை மறைக்க மாட்டேன். எங்கள் கல்யாணச் செலவு, பெரியவளின் பள்ளிச் செலவு எல்லாம் அந்தக் கல்லாவிலிருந்துதான். அப்புறம் ஊர் மாறியது. 2009ல் அமைந்தகரையில் ஸ்கைவாக், 2010ல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013ல் வேளச்சேரி பீனிக்ஸ், வடபழனி ஃபோரம் விஜயா. சினிமா, சாப்பாடு, கார் நிறுத்த இடம் எல்லாம் ஒரே கூரைக்குள் கிடைத்தபோது பழைய வளாகங்களுக்கு ஜனம் குறைந்தது. ஆன்லைன் வந்து கெடுத்தது என்றும் சொல்வார்கள். ரவிக்கைத் துணியை யாரும் ஆன்லைனில் மேட்ச் பண்ணுவதில்லை. எங்கள் பழைய வாடிக்கையாளர்கள் 2018 வரைக்கும் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். எங்களைச் சாய்த்தது மெயின்டனன்ஸ்.

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். தொடக்கத்தில் சதுர அடிக்கு மாதம் 4 ரூபாய் வாங்கினார்கள். 2018ல் அது 22. கணக்குப் போடுவது உள்ளே இருக்கிற 140க்கு இல்லை, பத்திரத்தில் இருக்கிற 220க்கு. ஆக மாதம் 4,840 ரூபாய். ஜெனரேட்டர் டீசல் தனி. கடையைப் பூட்டி வைத்திருந்தாலும் கட்டியாக வேண்டும். அதே வருடம் எங்கள் எதிர்க்கடையின் சொந்தக்காரர் கடையை வாடகைக்கு விட்டார். கிடைத்தது 7,000. எங்கள் அளவுதான் அவருடையதும். மெயின்டனன்ஸும் சொத்து வரியும் போக அவர் கையில் நின்றது இரண்டாயிரத்துக்கும் குறைவு. சொந்தக் கடை என்று பெயர், ஆனால் வாடகை வருமானத்தில் முக்கால்வாசி கட்டடமே சாப்பிட்டுவிட்டது.

ஏன் இப்படி ஏறியது? 180 கடைகளுக்கு நூற்றைம்பதுக்கு மேல் சொந்தக்காரர்கள். ஒருவர் துபாயில் இருந்தார். ஒருவர் காலமாகி, பிள்ளைகளுக்குள் வழக்கு. சிலர் முதலீட்டுக்கென்று வாங்கி ஷட்டரைத் திறக்கவே இல்லை. பூட்டிய கடைக்காரர்கள் மெயின்டனன்ஸ் கட்டுவதில்லை. பாதிக் கடை பூட்டியிருக்கிறது என்பதற்காக ஏசியோ காவலாளியோ பாதிச் செலவில் நடக்காது. அந்தப் பாரம் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் தலையில் விழும். தாங்க முடியாமல் இன்னும் நாலு பேர் பூட்டுவார்கள். மறுபடியும் ஏற்றுவார்கள். அசோசியேஷனில் இருந்தவர்களும் எங்களைப் போல வியாபாரிகள்தான், கெட்டவர்கள் இல்லை. பாக்கி வைத்த கடைக்கு மின்சாரத்தை நிறுத்தினால் அவர் கோர்ட்டுக்குப் போவார், சும்மா விட்டால் பணம் வராது. என்னதான் செய்வார்கள்?

முதலில் மதிய நேரத்தில் ஏசியை நிறுத்தினார்கள். அப்புறம் கழிவறையில் தண்ணீர் வர நேரம் வைத்தார்கள். அப்புறம் எஸ்கலேட்டர். அது நின்ற அன்று யாரோ அதன் அடியில் குறுக்காக ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியை வைத்தார்கள். ஏழு மாதம் அந்த நாற்காலி அங்கேயே இருந்தது. எங்கள் கடை முதல் மாடி. மாமா காலத்து வாடிக்கைக்காரப் பாட்டிகள் புடவைப் பையோடு நாற்காலி வரைக்கும் வந்து, மேலே ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். தெரிந்தவர் என்றால் நானே இறங்கிப் போய்ப் புடவையை வாங்கி வந்து, துணி வெட்டிக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பேன். தெரியாதவர்கள் எத்தனை பேரோ.

2020ல் கொரோனா வந்தது. மார்ச்சில் மூடிய மால்களைத் தமிழ்நாட்டில் செப்டம்பர் 1ல்தான் திறக்கவிட்டார்கள். தெருவில் இருந்த தனிக்கடைகள் அதற்கு முன்பே ஷட்டரைத் தூக்கிவிட்டன. எங்கள் வளாகம் மால் கணக்கில் பூட்டிக்கிடந்தது. பூட்டிக்கிடந்த மாதங்களுக்கும் பாதி மெயின்டனன்ஸ் பில் வந்தது. அன்றைக்கு ராத்திரிதான் விற்பது என்று முடிவெடுத்தோம்.

விற்பதும் சுலபமாக இல்லை. வாங்க வந்தவர்கள் முதலில் கேட்டது, பாக்கி எதுவும் இல்லை என்று அசோசியேஷன் கடிதம் கொடுக்குமா என்று. ஒருவருக்கு வங்கியில் கட்டடத்தின் வயதையும் யூடிஎஸ்ஸையும் பார்த்துக் கடன் தர மறுத்துவிட்டார்கள். கடைசியில் கையில் பணம் வைத்திருந்த ஒருவர் 14 லட்சத்துக்கு வாங்கிக்கொண்டார். இருபத்தைந்து வருடத்தில் 6.5 லட்சம் 14 ஆனது. அதே 1996ல் மாமாவின் தம்பி ஏறக்குறைய அதே தொகைக்கு மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு வாங்கினார். அதில் கால்வாசியை விற்றுத்தான் மகள் கல்யாணத்தை முடித்தார். மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியாகக் கடைச் சாவியைக் கொடுத்த அன்று மட்டும் ஷட்டரைத் தானே இறக்கினார்.

சரி, பெரிய மாலில் வாடகைக்குப் போனால்? இதில் என் அனுபவம் 2019 தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம்தான். அதையும் நடைபாதை நடுவில் போடுகிற கியாஸ்க்கில் கழித்தோம், நிரந்தரக் கடையில் இல்லை. அதனால் இந்தப் பகுதியை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். மாலுக்குச் சாதகமாக முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கட்டடம் முழுக்க ஒரே முதலாளி கையில் இருந்தால், மேலே சொன்ன எஸ்கலேட்டர் கதை நடக்காது. நின்றால் அன்று சாயங்காலமே ஆள் வருவார், ஏனென்றால் நிற்கிற ஒவ்வொரு நாளும் முதலாளிக்குத்தான் நஷ்டம். எந்த மாடியில் எந்தக் கடை என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். கூட்டத்தை இழுக்கத் தியேட்டரையும் உணவுக்கூடத்தையும் மேலே வைத்து, எல்லோரையும் கடைகளைத் தாண்டி நடக்க வைக்கிறார். கடை கடையாக விற்ற வளாகம் சரிவதற்கும் வாடகை மால் நிற்பதற்கும் நான் கண்ட பெரிய காரணம் இதுதான்.

ஆனால் ஒப்பந்தத்தைப் படித்தால் நம் மாதிரி கடைக்கு மூச்சு முட்டும். குறைந்தபட்ச வாடகை அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம், எது அதிகமோ அது. மெயின்டனன்ஸ் தனி, விளம்பரக் கட்டணம் தனி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஜிஎஸ்டியில் சின்ன வியாபாரிகளுக்கென்று இருக்கிற காம்பொசிஷன் திட்டத்தில் உள்ள கடைக்காரருக்கு அந்த வரி திரும்பி வராது. வீட்டில் துக்கம் என்றாலும் மால் திறந்திருக்கும் நேரம் முழுக்கக் கடை திறந்திருக்க வேண்டும். சில வருடத்துக்குக் காலி பண்ணவும் முடியாது.

கூட்டம் நிறைய, வியாபாரம் கொஞ்சம். சனி ஞாயிறு தோள் இடிக்கிற ஜனம், ஆனால் கையில் பார்த்தால் பாப்கார்னும் ஐஸ்கிரீமும். படம் விட்டதும் நேராக பார்க்கிங்குக்கு இறங்கிவிடுவார்கள். அதைவிட எங்களுக்கு வெளிச்சம்தான் பெரிய தொந்தரவு. ஒரு அம்மா மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை கொண்டுவந்தார். எல்.இ.டி. விளக்கில் நீலத்துக்கு நீலம் ஒட்டிப்போனது. மூன்றாம் நாள் திரும்ப வந்து, "வெயில்ல பாருங்கம்மா, இது பச்சையடிக்குது" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த இரண்டு மாதத்தில் அப்படி ஆறு பேர்.

இப்போது இருக்கிற தெருக்கடையில் புடவையை எடுத்துக்கொண்டு நாலடி வெளியே போனால் வெயில். "அக்கா, வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துட்டு வரேன்" என்று அவர்களே போய், துணியைப் புடவை மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து வருகிறார்கள். நாலு வருடத்தில் கலர் மாறிப்போனது என்று திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடை 110 சதுர அடி, அளந்தாலும் 110தான். வாடகை 28,000, பத்து மாத அட்வான்ஸ், பதினொரு மாதத்துக்கு ஒரு தடவை 5 சதவீதம் ஏறும். மெயின்டனன்ஸ் என்று நான் செலவழிப்பது ஷட்டருக்கு கிரீஸ், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வெயில் தட்டியை மாற்றுவது, குப்பைக்குச் சின்னத் தொகை. வருடத்துக்கு 9,000 தாண்டியதில்லை. பழைய இடத்தில் அது இரண்டு மாதக் காசு.

தரைத்தளம் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூர் மார்க்கெட் 1985ல் எரிந்தபின் அந்த வியாபாரிகளை அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற்றினார்கள். பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்களை 2013ல் பக்கத்திலேயே ஒரு மாடிக் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். அதே சாலை, அதே சரக்கு, அதே ஆட்கள். நடையில் பார்த்து வாங்கினவர்கள் மாடி ஏறி வரவில்லை என்று அவர்கள் வருத்தப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். 2019ல் பாண்டி பஜார் இருக்கிற தியாகராயா சாலையில் நடைபாதையை அகலமாக்கியபோது, நடக்கிற ஜனம் கடைக்கு எவ்வளவு முக்கியம் என்பது மறுபடியும் தெரிந்தது. 2023ல் மாம்பலம் ஸ்டேஷனையும் பஸ் நிலையத்தையும் இணைத்த ஆகாய நடைபாலம் வந்தபோது, ஜனம் மேலேயே போய்விடுவார்களோ என்று எங்கள் தெருவில் பயந்தார்கள். எங்களுக்கு அப்படி ஆகவில்லை. மற்ற தெருக்காரர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தெருவில் கஷ்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2021 நவம்பர் மழையில் தி.நகரில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. கடை எடுத்த முதல் வருடம். கீழ் இரண்டு தட்டு லைனிங் துணி மொத்தமும் போனது. இப்போது கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் நூல்கண்டு மட்டும்தான். கார் நிறுத்த இடமே இல்லை. சொந்தக்காரர் காலி பண்ணச் சொன்னால் பண்ண வேண்டியதுதான். எல்லாவற்றையும்விட, பெண்களுக்குக் கழிவறை இல்லை. நானும் பக்கத்துக் கடைப் பெண்களும் தெருமுனை டிபன் ஹோட்டலுக்குத்தான் போகிறோம், அவர்கள் நல்ல மனதோடு விடுகிறார்கள். கடைக்குப் பெண் பிள்ளைகளை வேலைக்கு வைக்கப் போகிறீர்கள் என்றால் இதை முதலில் பாருங்கள். இந்த ஒன்றில் மால்களை அடித்துக்கொள்ள முடியாது.

அண்ணன் மகனுக்குச் செல்போன் உதிரிப்பாகக் கடை. அவனுக்கு வெயில் வெளிச்சம் தேவையில்லை, ரிச்சி தெரு மாதிரி ஒரே தொழில் கூடியிருக்கிற இடம்தான் சரி என்று நினைக்கிறேன். அந்தத் தொழில் எனக்குப் புதிது என்பதால் அழுத்திச் சொல்லவில்லை. அந்த வளாகக் கடையை வாங்குவதாக இருந்தால் மூன்று வருட மெயின்டனன்ஸ் ரசீதைக் கேள், எத்தனை பேர் பாக்கி என்று அசோசியேஷனில் கேள், ஒரு வேலைநாள் மதியம் மூன்று மணிக்குப் போய் எஸ்கலேட்டர் ஓடுகிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா பார் என்று மட்டும் சொன்னேன். போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ரசீது கேட்டதும் விற்கிறவர் பேச்சை மாற்றிவிட்டாராம்.

வரும் சனிக்கிழமை புரசைவாக்கத்தில் ஒரு தெருக்கடை பார்க்கப் போகிறோம். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை எதிர்ப்புறம் நின்று, கையில் பையோடு போகிறவர்களை மட்டும் எண்ணச் சொல்லியிருக்கிறேன்.