பொங்கலுக்கு 22 இலை: வீட்டுச் சமையலா, சமையல்காரரா, ஆர்டரா, ஆளுக்கொன்றா?

எங்கள் குடும்பம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் முழுசாகக் கூடும். தைப்பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டில். சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம், கோவையிலிருந்து அத்தை, உள்ளூர்ச் சொந்தம், தம்பியின் கூட்டாளிகள் இரண்டு பேர் என்று இலைக் கணக்கு 22-க்குக் குறையாது. அன்றைக்குச் சொதிச் சாப்பாடு. அதில் மாற்றம் கிடையாது. மாறிக்கொண்டே வந்தது, அதை யார் சமைப்பது என்பதுதான். முழுக்க வீட்டிலேயே சமைத்திருக்கிறோம், சமையல்காரரை வரவழைத்திருக்கிறோம், வெளியே ஆர்டர் கொடுத்திருக்கிறோம், ஆளுக்கொரு பதார்த்தம் என்று பிரித்துக்கொண்டும் பார்த்திருக்கிறோம். இதே யோசனையில் இருக்கிறவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

செலவு, ருசி, அலைச்சல் இந்த மூன்றையும் எல்லாரும் பார்ப்பார்கள். நான் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறேன். சமைத்தவர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்? எங்கள் ஆச்சி பொங்கல் விருந்தில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. மூன்றரை மணிக்கு மேல், எல்லாரும் படுத்த பிறகு, அடுக்களைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றில் சட்டியின் அடியில் கிடந்த சொதியை வழித்து ஊற்றிக்கொள்வாள். "எனக்கு இதுதாம்ளா ருசி" என்பாள். சின்ன வயசில் அதை அப்படியே நம்பினேன்.

எல்லாமே வீட்டில்

ருசியில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. அதற்குக் காரணம் சொதியே. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் போடுகிற குழம்பு இது. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும்தான் அடிப்படை. 22 பேருக்கு நாங்கள் ஆறு பெரிய தேங்காய் எடுப்போம். துருவி, அரைத்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து வைக்க வேண்டும். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் மூன்றாம் பாலில் வேகும். அப்புறம் குழைய வெந்த பருப்பு, அரைத்த இஞ்சியும் பச்சைமிளகாயும், இரண்டாம் பால். கடைசியில் முதல் பால். அதை ஊற்றிய பிறகு கொதிக்கவே விடக்கூடாது. ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழத்தை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் பிழிய வேண்டும். அவசரப்பட்டால் பால் திரிந்து, மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். அதனால் ஒரு ஆள் அடுப்படியை விட்டு நகரவே முடியாது.

கூட இஞ்சித் துவையல் கண்டிப்பாக வேண்டும். இவ்வளவு தேங்காய்ப்பால் உள்ளே போனால் வயிறு மந்தமாகிவிடும், அதற்கு மாற்று அது. உருளைக்கிழங்கு காரக்கறி, அப்பளம், அப்புறம் தை மாசத்துச் சிறுகிழங்குப் பொரியல்.

இந்தச் சிறுகிழங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விரல் கனம்தான் இருக்கும், மண் அப்பியிருக்கும், தோலை ஒவ்வொன்றாகச் சீவ உட்கார்ந்தால் விடிந்துவிடும். தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரச் சாக்கில் கொட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, கிணற்றடிக் கல்லில் வைத்துத் தேய்ப்பார்கள். பாதித் தோல் அதிலேயே போய்விடும். மிச்சத்தைக் கத்தியால் சுரண்ட, முதல் நாள் சாயங்காலம் திண்ணையில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்வோம். விரலெல்லாம் கறுத்துப் போகும். யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், யாருக்கு வேலை போனது, சித்தப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எல்லாச் சேதியும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வெளியே வரும். விருந்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் மறுநாள் மத்தியானம் இல்லை, இந்தச் சாயங்காலம்தான்.

செலவும் இதில்தான் குறைவு. இரண்டரை கிலோ அரிசி, கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பருப்பு, தேங்காய், காய்கறி, இலை, அவ்வளவுதான். குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. திண்ணையில் எட்டுப் பேர் இருந்தாலும் மறுநாள் காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நிற்பது அம்மாவும் மதினியும் மட்டும்தான். கடைசிப் பந்தியும் அவர்களுக்குத்தான்.

சமையல்காரர்

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த வருஷம் இதைச் செய்தோம். மாஸ்டர் முன்கூட்டியே சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுவார். மளிகையும் காய்கறியும் நாம் வாங்க வேண்டும். பாத்திரம் வாடகைக்கு. அடுப்பு பெரியது என்பதால் வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரில் வேலை நடக்காது, 19 கிலோ வணிக சிலிண்டருக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். அவரோடு உதவிக்கு இரண்டு பேர். 22 இலைக்கானாலும் 60 இலைக்கானாலும் அந்த மூன்று பேர் கூலியில் பெரிய வித்தியாசம் வராது. என் கணக்கில், ஐம்பது பேருக்குக் கீழே என்றால் இது கட்டுப்படியாகாது.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது, சொதியைத் தவிர. பால் திரிந்துவிடக் கூடாதே என்று பொட்டுக்கடலையை அரைத்துக் கரைத்து ஊற்றிவிட்டார். கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் அது குருமா. சொதி என்றால் தேங்காய்ப்பாலின் இனிப்பும் எலுமிச்சையின் புளிப்பும் நாக்கில் தனித்தனியாகத் தெரிய வேண்டும். உங்கள் வீட்டுக்கென்று ஒரு கைப்பக்குவம் இருந்தால், மாஸ்டரிடம் முதல் நாளே வரிசையாகச் சொல்லிவிடுங்கள். அவர் நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய பக்குவத்தில்தான் செய்வார், அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

ஒரு நல்லது நடந்தது. அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்தாள். என் பக்கத்தில். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. ஆனால் முதல் நாள் திண்ணை காலியாகக் கிடந்தது. எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்திருந்தார்கள். சொந்த வீட்டிலேயே விருந்தாளி போல ஆகிவிட்டோம்.

ஆர்டர்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வேலை மிச்சம், பாத்திரம் கழுவுகிற பாடும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர், அதிலும் வயசானவர்கள் மட்டும் இருக்கிற வீடு என்றால் தாராளமாகச் செய்யலாம். நாங்கள் செய்த வருஷம் பதினோரு மணிக்கே வண்டி வந்துவிட்டது, கோவைக்காரர்கள் வந்து சேர ஒன்றரை ஆகிவிட்டது. அதற்குள் அப்பளம் நமுத்து, வடை ரப்பராகி, கூட்டில் லேசாகப் புளிப்பு தட்ட ஆரம்பித்துவிட்டது.

இதில் ருசியைவிட உடம்புதான் முக்கியம். அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமி வித்து கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அது முளைத்துப் பெருகும், பிறகு சூடு பண்ணினாலும் அது உண்டாக்கிய நஞ்சு போகாது. அதனால் சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆர்டர் கொடுக்கிறவர்கள் வண்டி வருகிற நேரத்தைக் கறாராகப் பேசிக்கொள்ளுங்கள். புதிய இடம் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆளுக்கொன்று

முதல் வருஷம் "உங்களால் முடிந்ததைக் கொண்டு வாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டோம். மூன்று வீட்டிலிருந்து கேசரி வந்தது. பொரியல் என்று ஒன்றுமே இல்லை. அடுத்த வருஷம் ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து, யாருக்கு எது என்று பிரித்துப் போன் பண்ணிச் சொன்னோம். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது: யாருக்கு எது நன்றாக வரும் என்று பார்த்தால் மட்டும் போதாது, எது எவ்வளவு தூரம் தாங்கும் என்றும் பார்க்க வேண்டும்.

சித்தி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி வருகிறாள். அவளிடம் பொரியல் கேட்கக் கூடாது. அதிரசம், மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் ரயிலேறி வரும், ஒன்றும் ஆகாது. கோவை அத்தை காரில் வருகிறாள், புளியோதரை கட்டிக்கொண்டு வரலாம். நல்லெண்ணெயும் புளியும் இருப்பதால் மத்தியானம் வரை தாங்கும், குழந்தைகளுக்கும் பிடிக்கும். உருளைக்கிழங்கு காரக்கறி அடுத்த தெரு மதினி வீட்டில். தேங்காய் சேர்த்தது எதுவானாலும் உள்ளூருக்குள்ளேயே இருக்கட்டும். சமைக்க முடியாதவர்களை விட்டுவிடக் கூடாது. தனியாக இருக்கிற பெரியப்பாவிடம் இலையும் வெற்றிலை பாக்கும் சொல்லியிருக்கிறோம். காலையிலேயே சந்தைக்குப் போய், கிழியாத தலைவாழை இலையாகப் பார்த்து எடுத்து வருவார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு தெளிச்சி தெரியும்.

இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். ஒரு வீட்டுக் கறியை இன்னொரு வீட்டுக் கறியோடு ஒப்பிட்டுப் பந்தியில் பேசவே கூடாது. எங்கள் வீட்டில் "போன வருஷம் இன்னும் நல்லா இருந்துச்சு" என்று ஒருவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு, ஒரு மதினி இரண்டு வருஷம் எதுவும் கொண்டுவரவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது பாத்திரங்கள். சாயங்காலம் கழுவிக் கவிழ்த்தால் ஒவ்வொரு தூக்கிலும் சம்படத்திலும் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணச் சீர், வளைகாப்பு, இறந்துபோன ஒருவரின் பெயர், தேதி. அதைப் பார்த்துத்தான் யாருடையது என்று பிரிப்போம். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்று அம்மா ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பனங்கிழங்கோ இரண்டு அதிரசமோ போட்டுத்தான் அனுப்புவாள்.

எப்படிப் பரிமாறுவது

சமையலைப் பங்கு போட்டுவிட்டாலும், பந்தி என்று வந்தால் பரிமாற ஆள் வேண்டும். அங்கேதான் பழையபடி அம்மாவும் மதினியும் நின்றுவிடுகிறார்கள். மேசையில் வைத்து அவரவர் எடுத்துக்கொள்வது வேலையைக் குறைக்கும். ஆனால் சொதிக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டாம் தடவை எழுந்து போய் வாங்க வயசானவர்கள் கூச்சப்பட்டுப் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார்கள். இலையில் என்றால் கேட்காமலே வரும்.

காயல்பட்டினத்தில் ஒரு தோழி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது சஹன் சாப்பாடு சாப்பிட்டேன். ஒரு பெரிய தட்டைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்து அதிலேயே சாப்பிடுவது. நடுவில் சோறு, களரிக்கறி என்கிற அந்த ஊர் விருந்துக் கறி, கத்தரிக்காய் மாங்காய். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அவளுடைய உம்மா நல்ல கறித்துண்டாகப் பார்த்து விரலால் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். கூடச் சாப்பிடுகிறவர் மெதுவாகச் சாப்பிட்டால் நம் கையும் தானாக மெதுவாகிவிடுகிறது. பரிமாறுகிற வேலையை அங்கே தட்டில் இருக்கிறவர்களே செய்துகொள்கிறார்கள். எங்கள் வீட்டில் இலைப் பழக்கம்தான், அதை விடப்போவதில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பும்போது அந்த உம்மாவின் விரல்தான் கண்ணில் நின்றது.

இப்போது என்ன செய்கிறோம்

ஐம்பதுக்கு மேல் போனால் சமையல்காரர். பத்துப் பேர், முடியாதவர்கள் என்றால் ஆர்டர். இருபது முப்பது பேர் கூடுகிற எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஆளுக்கொன்றுதான், ஆனால் முதன்மையான ஒரு பதார்த்தம் அந்த வீட்டு அடுப்பிலேயே இருக்க வேண்டும். சோறும் சொதியும் எங்கள் வீட்டில், மற்றதெல்லாம் வெளியிலிருந்து. அல்வா கடையில்.

இரண்டு பந்தி. முதல் பந்தியில் சமைத்தவர்களும் வயசானவர்களும் குழந்தைகளும். பரிமாறுவது தம்பியும் அவன் கூட்டாளிகளும் அத்தானும். இதை ஆரம்பித்த வருஷம் அம்மா இலையில் உட்கார மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "சொதிய யாரு பாப்பா? திரிஞ்சு போயிரும்" என்றாள். "நான் பார்த்துக்கிடுதேன் அத்தை, நீங்க உக்காருங்க" என்று அத்தான் அகப்பையை வாங்கிக்கொண்டார். முதல் தடவை சோற்றுக்கு நடுவில் குழி பண்ணாமல் சொதியை ஊற்றி, அது இலை ஓரம் வரை ஓடிவிட்டது. அம்மா கையால் அணை கட்டித் தடுத்து, "சோத்த நடுவுல கொஞ்சம் அமுக்கிக்கிட்டு ஊத்துங்க மாப்பிள்ள" என்று சொல்லிக் கொடுத்தாள். அடுத்த இலையிலிருந்து அத்தானுக்குக் கை பழகிவிட்டது.

இந்த வருஷம் சிறுகிழங்கு ஐந்து கிலோ சொல்லியிருக்கிறோம். சாக்கின் ஒரு முனையைப் பிடிக்கத் தானே வருவதாகக் கோவை அத்தையின் பேத்தி போனில் சொன்னாள். அவளுக்கு வயசு ஏழு.