காலுக்கா, கழுத்துக்கா? ஒரு மெரினோ கம்பளி நூலைப் பற்றித் தாமதமாக ஒரு விமர்சனம்

பின்னல் நூலுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிட்டத்தைத் தொட்டுப் பார்த்த அன்றைக்கே எழுதிவிடுகிறார்கள். பூ மாதிரி இருக்கிறது, நிறம் அள்ளுகிறது, ஊசியில் வழுக்கிக்கொண்டு போகிறது என்றெல்லாம். சால்வைக்கு அது போதும். சாக்ஸுக்குப் போதாது. சாக்ஸ் நூலைப் பற்றிப் பேச வேண்டியது கை அல்ல, குதிகால். அதுவும் இருபது சலவையாவது முடிந்த பிறகு. அதனால்தான் இந்த விமர்சனம் பத்து மாதம் தாமதம்.

என்னைப் பற்றி இரண்டு வரி, ஏனென்றால் சோதனைக்கூடம் என் கால்தான். நான் நர்ஸ். வேலை நேரத்தில் உட்காருவது பதிவேடு எழுதும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் நடை, நடை, நடை. சாக்ஸ் பின்னுவது பதினோரு வருடப் பழக்கம். பேருந்தில் போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சம், யாருக்காகவாவது காத்திருக்கும்போது கொஞ்சம். பையில் எப்போதும் பாதி பின்னிய சாக்ஸ் ஒன்று கிடக்கும். என் வேகத்தில் ஒரு ஜோடிக்கு மூன்று வாரம் ஆகும். ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: என் அளவுக்கு ஒரு சாக்ஸில் பத்தாயிரம் கண்ணிக்கு மேல் வருகிறது. அவ்வளவு உழைப்பைப் போட்டுப் பின்னியது இரண்டு மாதத்தில் கிழிந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சரி, கதைக்கு வருகிறேன்.

வெளியூர் போனால் நான் முதலில் தேடுவது நூல் கடையைத்தான். பார்க்க வேண்டிய இடங்களை மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். போன வருடம் ஒரு பயிற்சிக்காகப் போன இடத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒளிந்திருந்த மாதிரி ஒரு கடை. சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு சிட்டம். நடுவில் குடை மாதிரி விரியும் மரச் சட்டம், பக்கத்தில் கைப்பிடி வைத்த உருண்டை சுற்றும் கருவி. கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது, கையில் யாருடையதோ ஸ்வெட்டர்.

அங்கேதான் இந்த நூல் கண்ணில் பட்டது. கருநீலம், அதில் ஆழ்கடலில் வெளிச்சம் விழுந்த மாதிரி அங்கங்கே பச்சை. கையால் சாயம் தோய்த்தது. நூறு சதவீதம் மெரினோ ஆட்டு ரோமம், ஒற்றைப் புரி, அதாவது பல திரிகளைச் சேர்த்து முறுக்காமல் ஒரே திரி, 100 கிராமுக்கு 366 மீட்டர். சுற்றியிருந்த காகிதப் பட்டையில் அழகாக ஒரு சாக்ஸ் படம். எடுத்துக் கழுத்தில் ஒற்றிப் பார்த்தேன். குத்தவே இல்லை. அப்போதே மனசு விழுந்துவிட்டது.

அந்த அம்மா தலையைத் தூக்காமல் கேட்டார்: “காலுக்காம்மா, கழுத்துக்கா?”

“சாக்ஸுக்குத்தாங்க. இதிலேயே படம் போட்டிருக்கே.”

“படம் போடுறவங்க நடக்கிறதில்லைம்மா” என்று சொல்லி எழுந்து வந்தார். சிட்டத்தின் நுனியைப் பிடித்து, முறுக்கு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இரண்டு விரலால் உருட்டினார். நாலு உருட்டுதான். நூல் பஞ்சாகப் பிரிந்து, லேசாக இழுத்ததும் சத்தமே இல்லாமல் இரண்டாகக் கழன்று வந்தது. அறுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, விட்டுவிட்டது. அப்புறம் பக்கத்துத் தட்டிலிருந்து சாம்பல் நிற உருண்டை ஒன்றை எடுத்தார். நாலு புரி, 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான், 100 கிராமுக்கு 420 மீட்டர். அதே மாதிரி உருட்டினார். ஒரு புரி மற்றதிலிருந்து பிரிந்ததே தவிர நூல் விடவில்லை. இழுத்ததில் அவர் விரலில்தான் கோடு விழுந்தது.

நான் கேட்டேனா? கேட்கவில்லை. இரண்டையும் வாங்கினேன். “இரண்டிலும் ஒவ்வொன்று பின்னிப் பார்த்துவிடுகிறேன்” என்று வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பிறகுதான் அது நல்ல யோசனை என்றே தோன்றியது. ஒரு காலில் ஒரு நூல், மறு காலில் இன்னொரு நூல். அதே நடை, அதே செருப்பு, அதே சலவை. இதைவிட நேர்மையான பரீட்சை வேறென்ன இருக்கிறது?

ஒரே ஊசி, 2.25 மில்லிமீட்டர். ஒரே கணக்கு: 10 சென்டிமீட்டருக்கு 32 கண்ணி. என் பாதத்தின் சுற்றளவு 22 சென்டிமீட்டர். சாக்ஸ் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதால் 20 சென்டிமீட்டருக்கு 64 கண்ணி. குதிகாலில் ஒரு கண்ணியைப் பின்னாமல் தூக்கி, அடுத்ததைப் பின்னி, அப்படியே 32 வரிசை. அப்படிச் செய்தால் அந்த இடம் தடிப்பாகும், உரசலைத் தாங்கும். விரல் நுனியில் இரு புறமும் சமமாகக் குறுக்கி, கிட்சனர் முறையில் இணைத்தேன். இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, “சமையலறைத் தையலா?” என்று கேட்காத ஆளே இல்லை. அது முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் படைத்தலைவர் ஒருவரின் பெயர். விரலை அறுக்கும் தடித்த தையல் இல்லாமல் நுனியை மூடும் வழி அது.

பின்னுகிற வரையில் நீல நூல்தான் ராணி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கூர்முனை ஊசி நூலின் நடுவே புகுந்து அதைப் பிளந்துகொண்டே இருந்தது. ஒற்றைப் புரியின் குணம் அது. திரும்பி வந்த ரயிலில், விளக்கு மங்கிய நேரத்தில், கருநீலத்தில் விழுந்த ஒரு கண்ணியைத் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நடுவில் இருமுனை ஊசி ஒன்று உருண்டு எதிர் இருக்கைக்கு அடியில் போய்விட்டது. ஒரு சின்னப் பையன் தவழ்ந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, “ஆன்ட்டி, இதுல அஞ்சு இருக்கே, எதுக்கு?” என்றான். நாலில் கண்ணி, ஐந்தாவதில் பின்னல் என்று காட்டினேன். இறங்கும் வரை அவன் அந்த ஊசிகளை எண்ணிக்கொண்டே வந்தான்.

நூலில் வேறு குறைகளும் இருந்தன. வீட்டுத் தராசில் வைத்தால் 97 கிராம். சிட்டத்துக்கு நடுவே ஒரு முடிச்சு. அதற்குப் பிறகு பச்சை வரும் ஒழுங்கே மாறிவிட்டது. முதல் அலசலில் தண்ணீர் மை கரைத்த மாதிரி ஆனது. நாலாவது தண்ணீரில்தான் தெளிந்தது. கையால் சாயம் போட்ட நூலுக்கு இது புதிதல்ல, மன்னித்துவிடலாம். முடிச்சைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு போட ஆரம்பித்தேன். நுனி சமமாக இருப்பதால் இந்த சாக்ஸுக்கு இடது வலது கிடையாது. முறை வைத்துக் கால் மாற்றினேன். அக்கா பார்த்துவிட்டு, “ஏண்டி, இருட்டில எடுத்து மாட்டிக்கிட்டு வந்துட்டியா?” என்றாள். வார்டில் ஒரு பெரியவர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாலாவது நாள், “சிஸ்டர், சொல்லக் கூடாதுதான், உங்க சாக்ஸ் மாறியிருக்கு” என்று ரகசியமாகச் சொன்னார். அவருக்கு முழுக் கதையும் சொன்னேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் மருந்துக்கு முன்னால் சாக்ஸ் நிலவரம் கேட்பார். அவருடைய பந்தயம் சாம்பல் மேல்தான்.

நாலாவது நாளே நீலத்தின் குதிகாலில் பொடிப் பொடியாகப் பஞ்சு உருண்டை. இழைகள் வெளியே வருகின்றன, உரசலில் சுருண்டுகொள்கின்றன. நாலு புரியில் ஒவ்வொரு புரியும் மற்றதை அணைத்துப் பிடித்து, இழை நுனியை உள்ளே வைத்துக்கொள்கிறது. ஒற்றைப் புரிக்குத் துணை யாரும் இல்லை. பதினைந்தாவது நாள் சாக்ஸுக்குள் கையை விட்டு ஜன்னல் முன்னால் பிடித்தேன். குதிகாலுக்கு அடியில், பெரிய நாணயம் அகலத்துக்கு, வெளிச்சம் கசிந்தது. என் விரல் ரேகைகூடத் தெரிகிற மாதிரி இருந்தது. சாம்பலைப் பிடித்தேன்: இருட்டு. இருபத்திரண்டாவது நாள் பகல் நேரத்தில் நீலம் ஓட்டை. பெரியவர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார், இல்லாவிட்டால் கொண்டாடியிருப்பார்.

ஓட்டையைச் சுற்றி ஊசியால் குறுக்கும் நெடுக்கும் நெய்து டார்னிங் செய்தேன். முப்பத்தோராவது நாள் டார்னிங்குக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. அத்தோடு நீலத்துக்கு ஓய்வு கொடுத்தேன். சாம்பலை மட்டும் இன்னொரு பழைய சாக்ஸோடு ஜோடி சேர்த்து ஓட்டினேன். அறுபது நாள் தாண்டிவிட்டது. மேலே கொஞ்சம் ரோமம் எழும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இதை வைத்து, “நைலான் இருந்தால்தான் சாக்ஸ்” என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நைலான் 1935இல் உருவான பொருள். அதற்கு முன்னாலும் மனிதர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள், கம்பளி சாக்ஸும் போட்டார்கள். முரட்டு ஆட்டுரோமம், இறுக்கமான முறுக்கு, கூடவே டார்னிங் ஊசி. அப்படி நடந்த பிழைப்பு அது. பிளாஸ்டிக் வேண்டாம் என்கிறவர்கள் நீள இழை உள்ள ரோமத்தில், மூன்று நாலு புரி, அழுத்தி முறுக்கிய நூலாகப் பார்த்து வாங்கலாம். அதில் பின்னிய ஜோடி ஒன்று என்னிடம் மூன்றாவது வருடத்தில் இருக்கிறது. நைலான் செய்யும் உபகாரம், கம்பளி தேய்ந்த பிறகும் வலை மாதிரி நின்று ஓட்டையைத் தள்ளிப்போடுவது. அந்த வலை தெரியும்போதே அதன் மேல் நூல் ஓட்டிவிட்டால் சாக்ஸ் இன்னும் ஓடும். இந்த நீல நூலில் வலையும் இல்லை, முறுக்கும் இல்லை, நீள இழையும் இல்லை. மெரினோ மிருதுவாக இருப்பதற்கே காரணம் அதன் இழை மெலிசு என்பதுதான். எது கழுத்துக்கு வரமோ அதுதான் குதிகாலுக்குச் சாபம்.

இன்னொன்று. பட்டையில் மெஷினில் போடலாம் என்று இருந்தது, போட்டேன், சுருங்கவில்லை. கம்பளி இழையின் மேல் ஓடு அடுக்கிய மாதிரி செதில் இருக்கும். சூடும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி கெட்டியாகிவிடும். இந்த வகை நூலில் குளோரின் வைத்து அந்தச் செதிலை மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூச்சுக் கொடுக்கிறார்கள். அதற்கு விலை, பிடிப்புக் குறைந்து நூல் தொய்வது. 15 சென்டிமீட்டர் பின்னிய கால் பகுதி இப்போது 17. கண்ணிக் கணக்குப் பார்க்க ஒரு சின்னத் துண்டு பின்னினால், அதைத் துவைத்து உலர்த்திய பிறகு அளந்து பாருங்கள். நான் துவைக்காமல் அளந்தேன்.

சரி, மதிப்பெண். காலுக்கு என்றால் ஐந்தில் ஒன்றரை. அந்த ஒன்றரையும் நிறத்துக்கு. கழுத்துக்கு என்றால் நாலரை. முடிச்சுக்காக அரை வெட்டு. செருப்பு போடாமல் படுக்கையில் மட்டும் போடும் சாக்ஸுக்கு மூன்று தரலாம். என் கோபமெல்லாம் நூல் மேல் இல்லை, பட்டையில் சாக்ஸ் படத்தை அச்சடித்த கை மேல்தான். குழந்தை பிறந்த வீட்டுக்குத் தொப்பி பின்ன இதைவிட நல்ல நூல் நான் தொட்டதில்லை.

மிச்சம் இருந்த நீலத்தில் அக்காவுக்குக் கழுத்துப் பட்டை ஒன்று பின்னிக் கொடுத்தேன். கழற்றவே மாட்டேன் என்கிறாள். ஓட்டை விழுந்த சாக்ஸைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதன் கால் பகுதி இன்னும் புதுசு மாதிரியே இருந்தது. போன வாரம் இரவுப் பணி முடிந்து வந்து, கணுக்காலுக்கு மேலே ஒரு வரிசையை வெட்டி, பாதத்தைக் கழற்றி, 64 கண்ணியையும் ஊசியில் ஏற்றினேன். குதிகாலிலிருந்து கீழே எல்லாம் சாம்பல். இப்போது குதிகால் திரும்பி, பக்கவாட்டுக் கண்ணிகளைப் பொறுக்கி எடுத்தாயிற்று. நாளைப் பேருந்தில் பாதம்.