ஓட்டா, பேச்சா, கேள்வியா? ராமநாதபுரம் எம்.பி.யை எதை வைத்து எடைபோடுவது?

நாடாளுமன்றத் தேர்தல் வந்துவிட்டால் தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். கச்சத்தீவை மீட்போம், மீனவர்களை விடுவிப்போம், பிடிபட்ட படகுகளைத் திரும்ப வாங்கித் தருவோம். எல்லோரும் ஒன்றையே சொல்லும்போது யாரை எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? அவையில் போட்ட ஓட்டை வைத்தா, வெளியே சொன்ன நிலைப்பாட்டை வைத்தா, அமைச்சரிடம் கேட்ட கேள்வியை வைத்தா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கரைக்குக் கேள்விதான் முதல் அளவுகோல். ஓட்டு அடுத்தது, ஆனால் பெயரோடு பதிவான ஓட்டு இருக்கும் இடத்தில் அதற்கு மேல் சாட்சி கிடையாது. மேடைப் பேச்சு கடைசி.

ஓட்டிலிருந்து தொடங்கலாம். 2019 டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆதரித்த 125இல் அ.தி.மு.க.வின் 11 ஓட்டும் அடக்கம். அந்த 11ஐ எடுத்து எதிர்ப்பக்கம் சேர்த்துப் பாருங்கள்: 114க்கு 116. மசோதா தோற்றிருக்கும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சில சமயத்தவருக்கு மட்டும் வழிவிட்ட சட்டம் அது. இலங்கை அதில் இல்லை. மண்டபம் முகாமில் ஆண்டுக்கணக்காக அகதிகளாகவே இருக்கும் குடும்பங்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அதே கட்சி 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில், அந்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. அறிக்கையை மாற்றி எழுதலாம், போட்ட ஓட்டை எடுக்க முடியாது.

இது ஒரு கட்சியின் குறை மட்டும் இல்லை. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு வேண்டாம் என்று தி.மு.க. சொன்னது, 2012 செப்டம்பரில் நடந்த கடையடைப்புக்கும் ஆதரவு தந்தது. டிசம்பர் 5 அன்று மக்களவையில் அதை எதிர்க்கும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தபோது காங்கிரஸ் கூட்டணி அரசின் பக்கம் நின்றது. தீர்மானம் 218க்கு 253 என்று தோற்றது. கூட்டணி காப்பாற்றப்பட்டது சரி, கீழக்கரையிலும் பரமக்குடியிலும் கடையை அடைத்தவர்களுக்கு என்ன பதில்?

ஆதரவு, எதிர்ப்பு இரண்டுக்கும் நடுவே வெளிநடப்பு என்று ஒன்று இருக்கிறது. பார்க்க எதிர்ப்பு போல இருக்கும். ஆனால் சாதாரண மசோதாவில் அவையில் இருந்து ஓட்டுப் போடுகிறவர்களின் பெரும்பான்மைதான் கணக்கு. வெளியே போகிறவர் அந்தக் கணக்கையே சிறிதாக்கிவிடுகிறார். முத்தலாக் மசோதாவை 2017 டிசம்பரில் மக்களவையில் கடுமையாக எதிர்த்துப் பேசியவர் அன்றைய நம் தொகுதி எம்.பி. அன்வர் ராஜா. அவர் அப்போது அ.தி.மு.க.வில் இருந்தார். 2019 ஜூலையில் மாநிலங்களவையில் அந்த மசோதா 99க்கு 84 என்று நிறைவேறிய நாளில் அ.தி.மு.க. வெளிநடப்பு செய்தது. வெளிநடப்பை எதிர்ப்பு ஓட்டாக யாராவது கணக்குக் காட்டினால் ஏற்காதீர்கள்.

ஆக, ஓட்டுதான் எல்லாம் என்று சொல்லலாமா? முடியாது. இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதலாவது, பெரும்பாலான மசோதாக்களில் யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்ற பதிவே இருக்காது. குரல் வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்ற சத்தம் பெரிதா, ‘இல்லை’ என்ற சத்தம் பெரிதா என்று அவைத் தலைவர் முடிவு சொல்வதோடு சரி. உறுப்பினர்கள் டிவிஷன், அதாவது ஓட்டுகளை எண்ணிப் பார்க்கும் வாக்கெடுப்பு கேட்டால்தான் பெயர் பெயராகப் பதிவாகும். அரசமைப்புத் திருத்தம் என்றால் மட்டும் டிவிஷன் கட்டாயம் உண்டு. 2023இல் மகளிர் இடஒதுக்கீட்டுக்கு மக்களவையில் 454 ஆதரவு, 2 எதிர்ப்பு என்று துல்லியமாகச் சொல்ல முடிவது அதனால்தான். ஆனால் 2023 ஆகஸ்டில் கடலடிக் கனிமங்களை ஏலம் விடுவதற்கான திருத்தச் சட்டம் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது. மணிப்பூர் கலவரம் பற்றி அவையில் எழுந்த அமளிக்கு நடுவில் போன மசோதா அது. நம் கடலைத் தொடும் சட்டம், நம் எம்.பி.யின் பெயருக்கு எதிரே காட்ட ஒரு குறியும் இல்லை.

இரண்டாவது தடை கொறடா உத்தரவு, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போடவேண்டும் என்று கட்சி இடும் கட்டளை. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அதனால் ஓட்டுப் பதிவில் தெரிவது பெரும்பாலும் கட்சியின் முகம்தான். ராமநாதபுரத்துக்காரர் என்ன நினைத்தார் என்பது அதில் தெரியாது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் கரையை அதிகம் உலுக்கிய முடிவுகள் ஓட்டுக்கே வரவில்லை. கச்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையோடு போட்ட 1974 ஒப்பந்தம் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அரசு மட்டத்தில் முடிந்தது. எல்லையை வரையறுத்தோம், நிலத்தைக் கொடுக்கவில்லை என்பது அரசு தரப்பின் வாதம். நிலம் கொடுத்ததாக ஒப்புக்கொண்டால் அரசமைப்பைத் திருத்த வேண்டியிருக்கும். மேற்கு வங்கத்தின் பேருபாரி பகுதியில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க 1960இல் அப்படித்தான் 9ஆவது திருத்தம் வந்தது. வங்கதேசத்தோடு நிலப்பகுதிகளை மாற்றிக்கொள்ள 2015இல் 100ஆவது திருத்தம் வந்தது. வங்காளத்து மண்ணுக்கு இரண்டு முறை ஓட்டெடுப்பு. ராமேஸ்வரத்துக்கு எதிரே இருக்கும் தீவுக்கு ஒரு முறைகூட இல்லை.

கடல் அட்டையும் அப்படியே. 2001இல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது ஓர் அறிவிக்கையால். அட்டை எடுத்துப் பிழைத்தவர்களின் தொழில் அதோடு குற்றமானது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் அறிவிக்கையாகவே வருகின்றன. இவற்றுக்கெல்லாம் ஓட்டுப் பதிவைத் தேடினால் வெறும் தாள்தான் கிடைக்கும்.

அங்கேதான் பேச்சு முக்கியமாகிறது என்பார்கள். அவைக்குள் பேசிய பேச்சுக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். 1974 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் கச்சத்தீவு ஒப்பந்தம் பற்றி மக்களவையில் அறிக்கை வைத்தபோது, அன்றைய ராமநாதபுரம் எம்.பி. மூக்கையாத் தேவர் எதிர்த்தார். அரை நூற்றாண்டு கழித்தும் அதை எடுத்துப் படிக்க முடிகிறது, காரணம் அது அவைக்குறிப்பில் இருக்கிறது.

அவைக்கு வெளியே பேசும் பேச்சின் தரம் வேறு. 2024 மார்ச்சில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, பிரதமர் மோடியே கச்சத்தீவைக் கையில் எடுத்தார். காங்கிரஸ் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டது என்றார். ஆனால் 2014இல் அவருடைய அரசின் தலைமை வழக்கறிஞர் முகுல் ரோத்தகி உச்ச நீதிமன்றத்தில், தீவைத் திரும்பப் பெறவேண்டும் என்றால் போருக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லியிருந்தார். இந்த இரண்டில் எது அரசின் நிலைப்பாடு? நான் நீதிமன்றத்தில் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்வேன். பொறுப்போடு சொல்லவேண்டிய இடத்தில் சொன்னது அது.

இப்போது கேள்விக்கு வருவோம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாக் கேள்வி. முதல் வகைக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்லவேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். இரண்டாம் வகைக்கு எழுத்தில் பதில். எந்த வகையானாலும் கேட்டவர் பெயர், தேதி, அமைச்சகம், பதில் எல்லாம் அச்சில் நிற்கும். கொறடா உத்தரவின் பிடி இங்கே பெரும்பாலும் கிடையாது. எதைக் கேட்பது என்று எம்.பி.யே முடிவு செய்கிறார். அவருடைய அக்கறை எங்கே இருக்கிறது என்பது இதில் தெரிவதுபோல வேறெதிலும் தெரியாது.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவேண்டாம். வருகை சதவீதம், கேட்ட கேள்விகள் என்று நாடாளுமன்றச் செயல்பாடுகளை ஆராயும் பி.ஆர்.எஸ். நிறுவனம் ஒவ்வொரு எம்.பி.க்கும் கணக்குப் போட்டுத் தருகிறது. நல்ல வேலை, ஆனால் தொடக்கப்புள்ளிதான். கேள்வியின் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கவேண்டும். ‘கைதான மீனவர்களை விடுவிக்க அரசு என்ன நடவடிக்கை எடுத்தது’ என்று கேட்டால், தூதரகம் வழியாகப் பேசிவருகிறோம் என்ற பழைய பதில்தான் திரும்ப வரும். ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தைப் பற்றிக் கேட்பவர் வேறு ஆள். 2017இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், மீதி வங்கிக் கடனும் மீனவர் பணமும். எல்லை தாண்டிப் போய்ப் பிடிபடாதபடி, மூன்று ஆண்டில் பாக் நீரிணையின் 2,000 விசைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றுவது இலக்கு. அதன் பக்கத்தில்கூட வரவில்லை. எத்தனை படகு கொடுத்தீர்கள், கடன் ஏன் நின்றது, விண்ணப்பித்துவிட்டு விலகியவர்கள் எத்தனை பேர் என்று கேட்பவர்தான் கைதுகளின் வேரைத் தொடுகிறார்.

கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வலையைப் பற்றி வாய் திறக்கிறாரா என்பதும் எனக்கு ஒரு சோதனை. இலங்கை 2017இல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. இங்கே விசைப்படகுக்காரர் ஒரு பக்கம், நாட்டுப்படகுக்காரர் ஒரு பக்கம். எந்த எம்.பி.யும் ஒரு பக்கத்தைப் பகைக்க விரும்புவதில்லை. அந்த மௌனத்தையும் பதிவாகவே எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஒரு நியாயமும் சொல்லவேண்டும். கரையோரக் கடலில் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 12 கடல் மைலுக்கு அப்பால் உள்ளதுதான் ஒன்றியப் பட்டியல். கரையருகே விசைப்படகு வந்து வலையை அறுத்துப்போனால் அதற்குப் பொறுப்பு சென்னை; எம்.பி.யைத் திட்டிப் பயனில்லை. எல்லை, இலங்கைச் சிறை, படகுகள் அரசுடைமையாவது, கடலடிக் கனிமம், அகதிகளின் குடியுரிமை ஆகியவற்றை மட்டும் அவர் கணக்கில் எழுதுங்கள். தொகுதி நிதியில் கட்டிய நிழற்குடையை அதில் சேர்க்கவேண்டாம். ஆண்டுக்கு 5 கோடி எல்லா எம்.பி.க்கும்தான் உண்டு.

கேள்விகளின் பதில்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகின்றன. மக்களவையின் இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டுத் தேடினால் இறங்கிவிடும். நம் மீனவர் வீடுகளில் இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் நம் எம்.பி. கேட்டதையும் அமைச்சர் சொன்னதையும் அவர்கள் தமிழில் எழுதி, பாம்பனிலும் மண்டபத்திலும் தொண்டியிலும் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஒட்டலாம். கேள்வியே கேட்காத கூட்டத்தொடருக்கும் ஒரு தாள் ஒட்டவேண்டும், தேதியோடு.