கடலைக்காய் வேர்நுனியும் சிரூட்பாக்ஸும்: ஐந்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில் எங்கள் தோட்டம். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது எங்கள் சித்தூர் வட்டத்தில்தான். இங்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லித் தருகிறேன். மாணவர்களில் பலர் வீட்டில் கடலைக்காய் என்று சொல்லி, ரெக்கார்டு நோட்டில் கப்பலண்டி என்று மலையாளத்தில் எழுதுகிறவர்கள். அவர்களோடு சேர்ந்து ஐந்து ஆண்டுகளாக சிரூட்பாக்ஸ் என்ற மென்பொருளை, வேர் எப்படி வளரும் என்று கணினியில் வளர்த்துக் காட்டுவதை, பயன்படுத்தி வருகிறேன். காசு செலவில்லை, நேரம்தான் நிறையக் கேட்கும். அந்த நேரத்துக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்கிறேன்.

ஆண்ட்ரியா ஷ்னெப், டேனியல் லைட்னர் முதலானோர் 2018-இல் வெளியிட்டது இது. இதற்கு முன்னோடியான ரூட்பாக்ஸ் 2010-இலேயே மேட்லாப் மொழியில் வந்துவிட்டது. பின்னால் தண்டு, இலைகளையும் சேர்த்துக்கொண்டு சிபிளான்ட்பாக்ஸ் ஆனது. உள்ளே சி பிளஸ் பிளஸ். நாம் பைத்தானில் எழுதினால் போதும். என் பழைய மடிக்கணினியில் நிறுவ ஒரு வாரம் ஆயிற்று. லினக்ஸுக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

அடிப்படை எளிது. ஒவ்வொரு வேர்நுனியும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி நகர நகர, பின்னால் வேர் நீண்டுகொண்டே வரும். எந்தத் திசையில் நகரும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு சிறு துண்டு நீளும்போது நுனி பல திசைகளைக் குறி பார்க்கிறது; அவற்றில் எது அதிகம் கீழ்நோக்கி இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறது. எத்தனை தடவை குறி பார்க்கிறது என்பது ‘என்’ (N). ஒவ்வொரு தடவையும் எவ்வளவு விலகிப் பார்க்கலாம் என்பது ‘சிக்மா’. ‘என்’ (N) கூடினால் வேர் நேராக இறங்கும். ‘என்’ (N) மதிப்பைக் குறைத்துச் சிக்மாவைக் கூட்டினால் வளைந்து நெளிந்து அலையும். புவிநாட்டம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போன பிள்ளைகள், இந்த இரண்டு எண்களையும் மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு, ‘அப்போ வேர் ஒரே கோட்டில போறதில்லையா மிஸ்?’ என்று கேட்டார்கள். அந்த வகுப்பை நான் மறக்க மாட்டேன்.

முதல் ஆண்டு நாங்கள் செய்த பெரிய தவறு, வேறு பயிரின் எண்களை வைத்துக் கடலைக்காயை வளர்த்துப் பார்த்தது. படம் அழகாக வந்தது, அவ்வளவுதான். அப்புறம்தான் கடலைக்காயின் எண்களையே அளக்கக் கண்ணாடிப் பெட்டி செய்தோம். கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் வேர் அதை ஒட்டியே இறங்கும். தினமும் காலையில் நுனி இருக்கும் இடத்தைக் கண்ணாடிமேல் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்வோம்.

இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மென்பொருளில் ஒரு வேரின் நீளத்தைத் தீர்மானிப்பவை இரண்டு எண்கள்: தொடக்க வேகமும், எட்டக்கூடிய உச்ச நீளமும். வேகம் போகப் போகக் குறைந்து, நீளம் உச்சத்தை நெருங்கும். உதாரணமாக, தொடக்க வேகம் நாளுக்கு 2 செ.மீ., உச்ச நீளம் 40 செ.மீ. என்று கொடுத்தால் 7-ஆம் நாள் வேர் 11.8 செ.மீ. இருக்கும். உச்சத்தை இரட்டிப்பாக்கி 80 செ.மீ. என்று கொடுங்கள், 7-ஆம் நாள் 12.8 செ.மீ. வரும். ஒரே ஒரு செ.மீ. வித்தியாசம்! 20-ஆம் நாள் பார்த்தால்தான் 25.3, 31.5 என்று விலகித் தெரியும். ஒரு வாரம் அளந்துவிட்டு உச்ச நீளத்தை முடிவு செய்யவே முடியாது. நாங்கள் ஒரு பருவம் முழுவதும் ஒரு வார அளவுகளை வைத்துக்கொண்டு திண்டாடியிருக்கிறோம். பெட்டியை ஆழமாகச் செய்யுங்கள், மூன்று வாரமாவது விடுங்கள்.

இந்த மென்பொருள் எனக்குத் தந்த பெரிய பலன் பக்கவேர்களில் இருக்கிறது. ஒரு பக்கவேருக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி, நுனிக்குப் பின்னால் எவ்வளவு தூரம் பக்கவேரே இல்லாமல் இருக்கும் என்று அது தனித்தனியாகக் கேட்கும். கேட்டதால்தான் அளந்தோம். கடலைக்காயில் இந்த இடைவெளிக்கு இன்னொரு பொருள் உண்டு. அவரைக் குடும்பத்துப் பயிர்கள் பலவற்றில், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக நுழைந்து வேர்முடிச்சு உண்டாக்கும். கடலைக்காயில் அப்படி இல்லை. பக்கவேர் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் விழும் வெடிப்பு வழியாகத்தான் அது உள்ளே போகிறது. அதனால் வேர்முடிச்சுகளும் அந்தக் கவட்டுகளில்தான் வரும். நுனி எந்த இடைவெளியில் பக்கவேரை விட்டுச் செல்கிறதோ, அதுவே முடிச்சு வரக்கூடிய இடங்களின் எண்ணிக்கையையும் வரையறுத்துவிடுகிறது. முடிச்சுகளைப் பிடுங்கி எண்ணுவதை மட்டுமே பல ஆண்டுகள் செய்முறைத் தேர்வில் செய்ய வைத்தேன். இப்போது முதலில் கவட்டுகளை எண்ணச் சொல்கிறேன், அவற்றில் எத்தனை காலியாக இருக்கின்றன என்று பிறகு.

இனி குறைகள். நுனியை ஒரு புள்ளியாக வைப்பதால் நுனிக்குள் நடப்பது எதுவும் தெரியாது. முளைவேரில் மில்லிமீட்டருக்கு ஒன்றாக மைப்புள்ளி வைத்தால், மறுநாள் நுனியை ஒட்டிய புள்ளிகள் மட்டும் விலகியிருக்கும், மேலே உள்ளவை அப்படியே இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஜூலியஸ் சாக்ஸ் செய்த சோதனை இது, உளுந்தில்கூடச் செய்யலாம். நீட்சி முழுவதும் அந்தச் சில மில்லிமீட்டரில்தான். அதைக் காட்ட, செல்களை வரிசையாக அடுக்கி நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். 1965-இல் லாக்ஹார்ட் தந்த சமன்பாடு போதும்: செல்லின் விறைப்பழுத்தம் (உள்ளே இருக்கும் நீர் சுவரைத் தள்ளும் அழுத்தம்) ஓர் எல்லையைத் தாண்டினால்தான் சுவர் நீளும், தாண்டும் அளவுக்கேற்ற வேகத்தில். வெளியே மண் அழுத்தினால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். இறுகிய மண்ணில் வேர் ஏன் திணறுகிறது என்பதற்கு இந்த நாற்பது வரி நிரல்தான் பிள்ளைகளுக்கு விடை சொன்னது. சிரூட்பாக்ஸில் மண்ணின் இறுக்கத்தை வேகத்தைக் குறைக்கும் ஒரு பெருக்கெண்ணாக மட்டுமே கொடுக்க முடிகிறது. பெட்டிக்கு அது போதும்.

வயலுக்குப் போதவில்லை. மழை தள்ளிப்போன ஓர் ஆண்டு, செடிகளைத் தோண்டி வேரைக் கழுவிப் பார்க்கலாம் என்று போனோம். அப்பா மண்வெட்டியைக் கொடுக்கும்போதே, ‘வெடிப்பு விழுந்த பக்கம் தோண்டாதே கண்ணு, அங்கே வேரு ஏற்கெனவே அறுந்திருக்கும்’ என்றார். தோண்டினால், வெடிப்பின் இரண்டு சுவர்களிலும் அறுந்த வேர்கள் நூல் மாதிரித் தொங்கின. கரிசல் காய்ந்து சுருங்கும்போது குறுக்கே போன வேரை இழுத்து அறுத்துவிடுகிறது. எங்கள் கணினி மாதிரியில் மண் அசையாது. வெடிப்பை மென்மையான மண்ணாகக் கொடுத்து வேரை அதன் வழியே இறக்கிப் பார்த்தேன். அறுபடுவதை மட்டும் எதைக் கொடுத்தும் கொண்டுவர முடியவில்லை. அதனால் வயல் வேரை இதில் கணிப்பதை நிறுத்திவிட்டேன். விதைத்து மூன்று வாரம் வரை, ஈரம் இருக்கும் மண்ணில், இதை நம்புகிறேன். செம்மண் தோட்டத்துக்காரர்கள் இன்னும் கொஞ்ச நாள் நம்பலாம் என்று நினைக்கிறேன்.

ஒரே எண்களைக் கொடுத்தாலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேர் வரும். பத்து இருபது தடவை ஓட்டிச் சராசரி பாருங்கள். வேறொருவர் சரிபார்க்க வேண்டுமென்றால் சமவாய்ப்புக்கான விதை எண்ணை (சீட்; அதையே மறுபடி கொடுத்தால் அதே வேர் வரும்) குறித்து வையுங்கள். முப்பரிமாணப் படத்துக்கு பாராவியூ என்ற மென்பொருள் போதும், அதுவும் இலவசம்.

இந்த ஆண்டுப் பெட்டிகள் ஆய்வகத்துக் கிழக்கு ஜன்னலோரம் இருக்கின்றன. பாதியில் கரிசல், பாதியில் செம்மண். இன்றோடு ஆறு நாள். ஆணிவேர்கள் இறங்கிவிட்டன, முதல் பக்கவேர் எந்தப் பெட்டியில் வருகிறது என்று காலையில் வந்ததும் பார்க்க வேண்டும்.